மேற்படியான் சம்சாரம்

அகரவெளி,
கீழ்வேளூர் வழி.
ஐப்பசி 21, வெள்ளிக்கிழமை.

மாயவரத்தில் மாடி வீடு கட்டிக் குடியிருக்கும், தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் முப்பத்து நாலு வருஷம் தூசி தின்று ரிட்டயர் ஆன, என் கொழுந்தனார் அன்பரசன் தம்பி அவர்களுக்கு, அண்ணி அம்சம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் பிள்ளையும் மருமகளும் பேத்தி எழில்மொழியும் கறவை மாடும் சுகம். என் முட்டிவலி மட்டும் அதன் போக்கில் இருக்கிறது. அங்கே உங்கள் சுகத்துக்கும், தங்கச்சி ஞானாம்பாள் சுகத்துக்கும், முக்கியமாகக் குளவி கொட்டிய உங்கள் வலது கையின் சுகத்துக்கும் பதில் போடவும். வீக்கம் வடியவில்லை என்றால் ஞானாம்பாளை விட்டு எழுதச் சொல்லவும். அவள் கையெழுத்து உங்கள் கையெழுத்தைவிடப் புரியும்.

இதையெல்லாம் போனில் பேசினால் ஆகாதா, எதற்கு அப்பாயி கடுதாசி என்று எழில்மொழி கேட்கிறாள். போனில் பேசினால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். நான் இந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்து ஐம்பத்து நாலு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் உங்களிடம் ஒரு பேச்சை முழுசாக முடித்த ஞாபகம் எனக்கு இல்லை, எனக்கே ஞாபகம் இல்லை என்றால் அது நடக்கவில்லை என்று அர்த்தம். காகிதம் என்றால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆகவேண்டும். மூணாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம், எண்பத்தெட்டில் ஒரு தடவை அப்படிச் செய்தீர்கள்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன் தம்பி. மனசார நன்றி. இந்த வார்த்தையை உங்களுக்கு எழுதுவேன் என்று போன ஆவணியில் யாராவது சொல்லியிருந்தால், அவரை உட்காரவைத்து மோர் கொடுத்துத் தலையில் எண்ணெய் வைத்து அனுப்பியிருப்பேன். ஏனென்றால் தொண்ணூற்று மூணு கார்த்திகையில், பெரும்புயல் அடிப்பதற்குப் பத்து நாள் முன்னால், உங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் என்னை மூணாம் பந்தியில் உட்காரவைத்தீர்கள். இலையில் அப்பளம் இல்லை. கேட்டதற்குத் தீர்ந்துவிட்டது என்றீர்கள். உங்களுக்குப் பின்னால் அடுக்களையில் அப்பள டின் முக்கால்வாசி நிறைந்து மூடி திறந்து கிடந்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் உங்களிடம் வேண்டியதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. இப்போது நானே நன்றி என்று எழுதுகிறேன் என்றால், நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில், வினையைக் கொண்டுவந்து வைத்ததும் நீங்கள்தான் என்பதையும் எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்காக இருக்காது. எழிலுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வளவன், குத்தாலத்துப் பையன், விதைப் பண்ணையில் உத்தியோகம், மூணு வருஷமாக ரெண்டு பேருக்கும் பழக்கம், ரெண்டு வீட்டிலும் சம்மதம். வாசலில் சாமியானா போட்டு, நாகூரிலிருந்து பக்கீர் முகம்மது பாயை வரவழைத்து பிரியாணி தம் போட்டாகிவிட்டது. தட்டை மாற்றிப் பூ வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த நேரம் பார்த்து நீங்கள் வேனிலிருந்து எட்டடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை இறக்கினீர்கள். 'நமது வம்சாவளி' என்று மேலே கொட்டை எழுத்து. பெரிய ஆலமரம் ஒன்று, அடிமரத்தில் உங்கள் தாத்தா பேர், கிளை கிளையாகப் பிள்ளைகள், பேரன்கள், போட்டோ இல்லாதவர்களுக்குத் தாமரைப்பூ. ரிட்டயர் ஆனதிலிருந்து பதினஞ்சு வருஷமாக நீங்கள் ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பழைய பிறப்பு இறப்பு ரிஜிஸ்டரெல்லாம் புரட்டி நகல் எடுத்துச் சேர்த்தது. பேத்திக்குப் பரிசாம். நான் மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை பேர் இல்லை. மருமகள்கள் பேரும் இல்லை. ஐம்பத்து நாலு வருஷம் இந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள் பேர் ஒரு இலையில்கூட இல்லை. சரி, நல்ல காரியம் நடக்கிற இடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனசில் மட்டும் குறித்துவைத்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பாயி செந்தாமரை பேனர் முன்னால் போய் நின்றாள். நின்றவள் நகரவில்லை.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றாள்.

"எது சம்மந்தி?" என்றேன்.

"அதான், அந்தப் பேரு."

"எந்தப் பேரு?"

"அந்த ரெண்டாவது கெளையில, தாமரைப்பூவுக்குக் கீழ."

"பேரைச் சொல்லுங்களேன், எங்களுக்கு இங்கேருந்து தெரியல."

"நான் எப்படிங்க சொல்லுவேன்? எங்க மாமனாராச்சே!"

விரலை நீட்டுகிறாள், பேரைச் சொல்லமாட்டேன் என்கிறாள். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பூவைத் தொட்டுத் தொட்டுக் காட்ட, அவள் இல்லை இல்லை என்று தலையாட்ட, கடைசியில் வளவனே வந்து படித்தான். காத்தமுத்து. நீங்கள் சந்தோஷமாக ஓடிவந்தீர்கள். உங்களுக்கு அதில் சந்தோஷம்! "நகல் இருக்கு, நகல் இருக்கு" என்று பையைத் திறந்து எடுத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, அகரவெளி, ஆண் குழந்தை, காத்தமுத்து, தகப்பன் பேர் உங்கள் தாத்தா பேர் என்று மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கப் படித்தீர்கள். "குத்தாலம் பக்கம் போயிட்டதா எங்கப்பா சொல்லுவாரு, ஆளு கெடைக்காமத் தேடிக்கிட்டு இருந்தேன், இப்பக் கெடைச்சிடுச்சு பாருங்க!" என்றீர்கள். செந்தாமரையும், எங்க மாமனார் பொறந்தது கீழ்வேளூர்ப் பக்கம்தான், அவரோட அப்பா பேரு எங்க யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

சொல்லி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. காத்தமுத்து உங்கள் தாத்தாவுக்குப் பிள்ளை என்றால், என் மாமனாருக்குக் கூடப்பிறந்தவர். அப்படியானால் அவர் கொள்ளுப்பேரன் வளவனும் நம் எழிலும் ஒரே கொடிப் பங்காளி. அண்ணன் தங்கை முறை. பெண் எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. செந்தாமரை என்னைப் பார்த்து, "அப்ப நீங்க எனக்கு ஓரகத்தியா?" என்று கேட்டாள். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் சம்மந்தி என்று சொல்லி என் கையில் சந்தனம் பூசியவள். பக்கீர் முகம்மது பாய் சமையல் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்மை ஒடைக்கட்டுங்களா, இல்ல மொறை முடிவானதும் ஒடைக்கவா?" என்று கேட்டார். எழில் தலையிலிருந்த பூவைத் தானே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். அழவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளை, எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்தவள். கையை மட்டும் ரெண்டு மூணு தடவை புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போது நான் எழுந்தேன். "நிறுத்துங்க எல்லாரும். அந்தக் காத்தமுத்து இந்த வீட்டு ஆம்பளைக்குப் பொறந்த புள்ள இல்ல. இந்த வீட்டுப் பொண்ணு பெத்த புள்ள" என்றேன். அதற்கப்புறம் நான் சொன்னது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் காகிதத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். எழுபத்து நாலு புரட்டாசியில், சம்பா நாற்றங்காலில், உங்கள் அம்மா நாற்றுப் பறித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். காலை பத்து மணி இருக்கும். பச்சைச் சேலை கட்டியிருந்தார். உங்கள் தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி. குத்தாலத்துப் பக்கம் கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தது. பிள்ளை பிறந்த மூணாம் நாள் கிராம முன்சீப்பு பிறப்பு எழுத வந்து தெருவில் நின்றார். பிள்ளையோட அப்பன் பேர் என்ன என்று கேட்டார். அந்த அம்மாள் உள்ளேயிருந்து புருஷன் பேரைச் சொல்வாளா? வாயைத் திறக்கவில்லை. வெளியே நின்ற அண்ணனைப் பார்த்து, உன் பேர் என்னடா என்றார். அவர் தன் பேரைச் சொன்னார். கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். முன்சீப்பு எழுதிக்கொண்டு போய்விட்டார். நம் தெருவில் நின்று ரெண்டாவது கேள்வி கேட்க அந்தக் காலத்தில் அவருக்கு என்ன தலையெழுத்து?

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அண்ணி, ரெக்கார்டு பொய் சொல்லாது" என்றீர்கள்.

"ரெக்கார்டு பொய் சொல்லலை தம்பி. எழுதினவரு சரியாக் கேக்கலை. அந்தத் தாளை நல்லாப் பாருங்க, தாயார் பேருன்னு போட்ட எடத்துல என்ன இருக்கு?"

பார்த்தீர்கள். 'மேற்படியான் சம்சாரம்' என்று இருந்தது. பேர்கூட எழுதவில்லை.

"எங்கம்மா எங்கிட்ட இதைச் சொன்னதே இல்லையே அண்ணி" என்றீர்கள். குரல் இறங்கிவிட்டது.

"பிரசவத்துக் கதையைப் போய் ஆம்பளப் புள்ளகிட்டயா சொல்லுவாங்க?"

நகலை மடித்துப் பைக்குள் வைத்தீர்கள். செந்தாமரை மட்டும், ஒண்ணு ரிஜிஸ்டர் சொல்லுது, ஒண்ணு நீங்க சொல்றீங்க, எது நெசம்னு தெரியற வரைக்கும் பூவு வேணாம் என்று எழுந்து போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் பிரியாணியும் சாப்பிடாமல் போனாள், அதைத்தான் இன்னும் மனசில் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீங்கள் பட்ட பாட்டை ஞானாம்பாள் எனக்கு நாள் தவறாமல் போனில் சொன்னாள். உங்களுக்குத் தெரியாமல்தான். அவளைத் திட்டாதீர்கள். செந்தாமரையிடம் போய், உங்க மாமனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டீர்களாம். தெரியும், கூலி வாங்குகிற நோட்டில் கையெழுத்துதான் போடுவார், கைநாட்டு வைத்ததில்லை என்றாளாம். கையெழுத்துத் தெரிந்தவர் என்றால் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும், பள்ளிக்கூடம் போயிருந்தால் சேர்க்கை ரிஜிஸ்டரில் பேர் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, புரட்டாசி மழையில் குடையும் பையுமாகக் குத்தாலத்தைச் சுற்றி ஒவ்வொரு பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினீர்களாம். ஒன்பது பள்ளிக்கூடம். எழுபத்தி ரெண்டு வயசில். ரெண்டு இடத்தில் பேரனைச் சேர்க்க வந்த தாத்தா என்று நினைத்து விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார்களாம். பத்தாவது பள்ளிக்கூடத்தில் மெஹராஜ் பேகம் என்று ஒரு தலைமை ஆசிரியை, "எல்லாரும் டி.சி.க்குத்தான் சார் வருவாங்க, தொண்ணூறு வருஷத்துக்கு முந்தி சேர்ந்த பையனைத் தேடி வந்தது நீங்கதான் மொத ஆளு" என்று சொல்லிப் பழைய பீரோவைத் திறந்துவிட்டிருக்கிறார். அந்த அம்மாளுக்கு ஆண்டவன் எல்லாம் கொடுக்கட்டும். பீரோவுக்குள் முதலில் கிடைத்தது குளவிக்கூடு. ரெண்டாவது கிடைத்ததுதான் ரிஜிஸ்டர். வீங்கின கையோடு பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறீர்கள்.

போன மாதக் கடைசியில் ரெண்டு வீட்டையும் கூப்பிட்டு நம் கூடத்தில் உட்காரவைத்து, அந்தப் பக்கத்தின் நகலை நீட்டினீர்கள். என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை, அது எப்போதுமே ஆபீஸ் முகம். வளவன் வாங்கப் போனான். செந்தாமரை தடுத்தாள்.

"யாரு சொன்னாங்களோ அவங்கதான் படிக்கணும். மத்தவங்க படிச்சா நான் ஏத்துக்க மாட்டேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாணவன் பெயர், காத்தமுத்து. தகப்பனார் பெயர், சேப்பன், காலஞ்சென்றவர். செந்தாமரை வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். காப்பாளர் பெயர் என்று அடுத்த கட்டம். அங்கே வந்து நின்றுவிட்டேன் தம்பி. உங்கள் தாத்தா பேரைத்தானே உங்கள் அண்ணனுக்கு வைத்திருந்தார்கள். தலைமகன் பிள்ளைக்குத் தாத்தா பேர். அந்தப் பேரை நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் சொன்னதில்லை, ஓட்டுப் போடுகிற இடத்தில் சொன்னதில்லை. உங்கள் அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது, அவர் காரியத்தன்றுகூடச் சொன்னதில்லை. கூடமே என் வாயைப் பார்க்கிறது.

"விடுங்க அப்பாயி, நான் படிக்கிறேன்" என்றாள் எழில்.

நீங்கள்தான் மெதுவாகச் சொன்னீர்கள். "அண்ணி, ரெக்கார்டுல உள்ளதைப் படிக்கிறது பேரு சொன்னதாகாது. படிங்க."

படித்தேன். "வீரையன். தாய்மாமன்."

படித்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த உங்கள் அண்ணன் படத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் எதற்கும் ஒன்றும் சொன்னவர் இல்லை. அப்பன் செத்துப்போன தங்கச்சி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, இங்கேயிருந்து குத்தாலம் வரைக்கும் போய் அந்தப் பெரியவர் கைநாட்டு வைத்திருக்கிறார். அவர் கட்டைவிரல் ரேகை அந்த நகலில் தெரிகிறது. எழில் அதன் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். செந்தாமரை எழுந்து வந்து, "அப்ப நீங்க எனக்கு அண்ணி மொறை. ஓரகத்தின்னு சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்று என் கையைப் பிடித்தாள். தாய்மாமன் வழியும் அத்தை வழியும். கேட்டு வாங்கவேண்டிய முறை. தை மாதம் எட்டாம் தேதி கல்யாணம் குறித்தாயிற்று.

தம்பி, ஒன்று நான் மறக்க மாட்டேன். அந்த ரிஜிஸ்டரை நீங்கள் ஒருத்தர்தான் பார்த்தீர்கள். பார்க்காத மாதிரி மூடி வைத்துவிட்டு வந்திருந்தால் ஒரு நாய்க்கும் தெரிந்திருக்காது. அன்பரசன் சொன்னதுதான் சரி, அம்சத்துக்குத்தான் வயசாகிப் புத்தி தடுமாறுகிறது என்று ஊர் பேசியிருக்கும். நீங்கள் ஊருக்கு முன்னால் சொன்னது தப்பு என்று காட்டுகிற காகிதத்தை நீங்களே தேடி எடுத்து, உங்கள் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தீர்கள். அப்படி ஒரு மனுஷனை நான் இந்தக் குடும்பத்தில் வேறு பார்த்ததில்லை. அதற்காகத்தான் இந்த நன்றி.

போன செவ்வாய்க்கிழமை போனில் நீங்கள் கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்குப் புதுப் பேனர் அடிக்கப்போவதாகவும், அதில் மகள்கள் பேர், மருமகள்கள் பேர், கட்டிக்கொடுத்த பெண்கள் பேர் எல்லாம் போடப்போவதாகவும் சொன்னீர்கள். என் பேரும் வரும் என்றீர்கள். சந்தோஷம். காத்தமுத்துவைப் பெற்ற அந்த அம்மாள் பேர் மட்டும் எந்த ரெக்கார்டிலும் இல்லை, அம்மா உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களே அண்ணி, ஞாபகப்படுத்தி எழுதுங்க என்றீர்கள். ஞாபகப்படுத்த என்ன இருக்கிறது? என் ஞாபகத்தைப் பற்றி இனிமேல் யாரும் பேச மாட்டார்கள். அவர் பேர் அஞ்சலை. உங்கள் அம்மா அப்படித்தான் சொன்னார். பேனரில் போட்டுக்கொள்ளவும்.

பந்தக்கால் நடுவதற்கு முதல் நாளே ஞானாம்பாளோடு வந்துவிடவும். உங்கள் கை சீக்கிரம் ஆறட்டும், கண் பார்வை கடைசிவரைக்கும் ரிஜிஸ்டர் படிக்கிற மாதிரி இருக்கட்டும், உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பசி தெரியாமல் வாழட்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அண்ணி,
அம்சம்.

பின்குறிப்பு: கடுதாசியை மடித்துக் கவரில் போட்டு, ஒட்டி, மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். அஞ்சலை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடுங்கள். உங்கள் அம்மா எனக்கு அந்தப் பேரைச் சொல்லவில்லை. எந்தப் பேரையும் சொல்லவில்லை. நாற்றங்காலில் அவர் என்னிடம் பேசியதே கிடையாது தம்பி, நாற்றுமுடியைச் சின்னதாகக் கட்டுகிறேன் என்று ஏசியதைத் தவிர. தங்கச்சி, தலைப்பிரசவம், முன்சீப்பு, பச்சைச் சேலை எல்லாம் நான் அந்த நிமிஷத்தில் சொன்னது. பிள்ளை பூவைக் கழற்றி வைத்ததைப் பார்த்தேன், வாய் தானாகத் திறந்துவிட்டது. என் தலைப்பிள்ளை என் அம்மா வீட்டில் பிறந்தபோது அப்பன் பேர் என்ன என்று என்னைக் கேட்டார்கள், நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் தூக்கி அந்த அம்மாள் மேல் வைத்தேன். நீங்கள் அந்த நகலைக் கொண்டுவந்து நீட்டியபோது அந்தக் கூடத்தில் அதிகமாகப் பயந்தவள் நான்தான். படிக்கப் படிக்க, நான் சொன்ன பொய் அப்படியே நடந்திருக்கிறது. எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அம்மா சொன்னதை நம்பாமப் போயிட்டேனே என்றுதான் நீங்கள் பத்துப் பள்ளிக்கூடம் ஏறி இறங்கினீர்கள் என்று ஞானாம்பாள் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நிச்சயதார்த்தத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லிவிட்டேன், அதற்கு நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் ஒரு பொம்பளைக்கு இல்லாத பேரை வைத்து மரத்தில் ஏற்ற என்னால் முடியாது. அவளுக்கென்று ஒரு பேர் இருந்திருக்கும். யாராவது அவளைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், தாமரைப்பூவும் வேண்டாம். கை ஆறினதும் போய்த் தேடுங்கள், இந்த முறை பொய் இல்லாமல் கேட்கிறேன். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும். கல்யாணத்துக்கு முன்னால் செந்தாமரை காதில் ஒரு வார்த்தை விழுந்தாலும், சின்ன வயசில் நீங்கள் செய்த காரியங்களைப் பற்றி உங்கள் அம்மா நாற்றங்காலில் சொன்னதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்துவிடும்.